12 இன்ச்சா, 15 இன்ச்சா? வீட்டில் கட்டும் ஸ்பீக்கருக்குப் பெரிய வூஃபர் வாங்குமுன்

போன மாதம் சித்தப்பா மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். “அண்ணே, ஸ்பீக்கர் நானே கட்டப் போறேன். 15 இன்ச் வூஃபர் ஒரு ஜோடி பார்த்து வச்சிருக்கேன். வாங்கிரட்டுமா?” எடுத்த எடுப்பில் இதுதான் கேள்வி. வூஃபர் என்பது ஸ்பீக்கர் பெட்டிக்குள் கீழ்ச் சுரங்களை, அதாவது பேஸை, எழுப்பும் பெரிய ஸ்பீக்கர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹால் எவ்வளவு பெரிது, சுவர் எதில் கட்டியது, என்ன பாட்டுக் கேட்பாய், பெட்டிக்கு வீட்டில் எவ்வளவு இடம் விடுவார்கள் என்று நான்கு கேள்விகள் கேட்டேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். கூரை பத்தடி உயரம். ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், தரையில் டைல்ஸ். கேட்பது பெரும்பாலும் எண்பதுகளின் சினிமாப் பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி, அவ்வப்போது புதுப் படப் பாட்டு. பெட்டிகள் டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சித்தியின் பூஜை அலமாரி இருக்கிறது, அதன் கதவு முழுதாகத் திறக்க வேண்டும்.

இந்த நான்கு பதிலும் கையில் இருந்தால் வூஃபர் தேர்வு பாதி முடிந்த மாதிரி. அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கணக்குகளோடு எழுதி வைக்கிறேன். எதிரே இருந்த வழிகள் ஐந்து: ஹைஃபைக்கென்றே, அதாவது வீட்டில் துல்லியமாகக் கேட்கவென்றே, செய்த 12 இன்ச்சை மூடிய பெட்டியில் வைப்பது, மைக் செட்டுக்குச் செய்யும் 15 இன்ச்சைக் காற்றுக் குழாய் போட்ட துளைப் பெட்டியில் வைப்பது, இரண்டு 10 இன்ச், மிகக் கீழ்ச் சுரத்துக்கென்று காரில் வைக்கும் கார் சப்வூஃபர், பெட்டியே இல்லாத திறந்த பலகை.

எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும்?

வூஃபர் செய்வது ஒரே வேலைதான், காற்றைத் தள்ளுவது. கோனின், அதாவது முன்னால் தெரியும் கூம்பின், பரப்பையும் அது முன்னே நகரும் தூரத்தையும் பெருக்கினால் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பது வரும். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமானால், நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கோன் 30 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். தரையில் நிற்கும் ஒரு பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், 30 ஹெர்ட்ஸில் 95 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கோன் ஒரு பக்கமாகச் சுமார் 235 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ள வேண்டும். 8 இன்ச் வூஃபரின் கோன் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். அது பத்தரை மில்லிமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும். பெரும்பாலான 8 இன்ச் வூஃபர்களால் அது முடியாது. 10 இன்ச்சின் பரப்பு சுமார் 350, அதற்கு 6.7 மில்லிமீட்டர் போதும். 530 சதுர சென்டிமீட்டர் உள்ள 12 இன்ச்சுக்கு 4.4 மில்லிமீட்டர். 855 உள்ள 15 இன்ச்சுக்கு வெறும் 2.7.

பெரிய கோன் மேல் நமக்கெல்லாம் இருக்கும் ஆசைக்கு உண்மையான காரணம் இதுதான். சத்தம் அதிகம் என்பது மட்டுமல்ல, அசைவு குறைவு என்பதும். கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்த இடைவெளியின் நடுவிலேயே நின்று வேலை செய்தால், கோனை ஓரத்தில் தாங்கும் தொங்கலும் பின்னால் தாங்கும் ஸ்பைடரும் இழுபடாமல் இருந்தால், ஒலி சிதையாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை அழுத்தி இழுக்கும்போது வரும் அந்த வளைந்த கும்கியை ஒரு சிறிய வூஃபரிலும் ஒரு நல்ல 12 இன்ச்சிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சிறியதில் “தும்” என்று ஒரு இடி வரும். பெரியதில் தோல் எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பது வரை காதுக்குத் தெரியும்.

ஆனால் இன்ச்சை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். 5 மில்லிமீட்டர் மட்டுமே போய்வரக்கூடிய 15 இன்ச்சும் 8 மில்லிமீட்டர் போய்வரும் 12 இன்ச்சும் தள்ளும் காற்று ஒரே அளவுதான். நிறுவனம் தரும் அளவுப் பட்டியலான டேட்டா ஷீட்டில் எக்ஸ்மேக்ஸ் என்று போட்டிருப்பது இந்தத் தூரத்தைத்தான். அதைக் கோன் பரப்போடு பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

அப்புறம், எவ்வளவு கீழே வரை வேண்டும்? நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கீழான சுரம் 41 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியைப் பொதுவாகச் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே வைப்பார்கள். ஒரு கட்டைச் சுருதிக்கு அது சுமார் 65 ஹெர்ட்ஸில் வரும். தம்பி கேட்கும் பாட்டில் பத்துக்கு ஒன்பது 40 ஹெர்ட்ஸுக்கு மேலேயே முடிந்துவிடும். புதுப் பாட்டுகளில் சிந்தசைசரில் போடும் பேஸ்தான் 35, 30 என்று இறங்குகிறது. ஆக 40 வரை சுத்தமாகவும், 30-ல் ஓரளவும் வந்தால் அவனுக்குப் போதும். 20 ஹெர்ட்ஸை விரட்டிக்கொண்டு போவது அவன் காசையும் ஹாலில் இருக்கும் இடத்தையும் தின்றுவிடும்.

மைக் செட் 15 இன்ச்சின் கதை

15 இன்ச் என்றதும் நம் ஊரில் கையில் கிடைப்பது பெரும்பாலும் மேடைக்கும் திருவிழாவுக்கும் செய்த வூஃபர்தான். மோசமான பொருளில்லை. நல்ல நிறுவனத்தின் மேடை வூஃபர் பொறியியலில் அருமையான வேலை. ஆனால் அதைச் செய்த நோக்கம் வேறு.

ஜேபிஎல் 2226எச் என்ற 15 இன்ச்சை எடுத்துக்கொள்வோம். உலகமெங்கும் மேடைப் பெட்டிகளில் உழைத்த வூஃபர் அது. அதன் சொந்த அதிர்வெண், அதாவது எஃப்எஸ், 40 ஹெர்ட்ஸ். கியூடிஎஸ், அதாவது கோனின் அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்று சொல்லும் எண், 0.31. விஏஎஸ், அதாவது தொங்கலின் இழுப்புக்குச் சமமான இழுப்பைத் தரும் காற்றின் அளவு, 175 லிட்டர். எக்ஸ்மேக்ஸ் 7.6 மில்லிமீட்டர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 97 டெசிபல்.

இதன் பக்கத்தில் ஹைஃபை 12 இன்ச் ஒன்றை மாதிரிக்கு வைக்கிறேன். எஃப்எஸ் 24 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.42, விஏஎஸ் 130 லிட்டர், ஒரு வாட்டுக்கு 88 டெசிபல். இது எந்த நிறுவனத்தின் பெயரோடும் ஒட்டிய கணக்கில்லை. நல்ல ஹைஃபை 12 இன்ச்கள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

மூடிய பெட்டிக்குச் சூத்திரம் எளிது. வூஃபரின் கியூடிஎஸ் பெட்டிக்குள் போனதும் ஏறும். அது 0.707-ல் நின்றால் பேஸ் எங்கும் புடைக்காமல் சமமாக வந்து, பிறகு மெதுவாகச் சரியும். 0.707-ஐக் கியூடிஎஸ்ஸால் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, வருவதால் விஏஎஸ்ஸை வகுத்தால் பெட்டியின் கொள்ளளவு கிடைக்கும். மாதிரி 12 இன்ச்சுக்கு 71 லிட்டர் வருகிறது, அதில் பேஸ் 40 ஹெர்ட்ஸ் வரை போகிறது. 2226-க்கு 42 லிட்டர்தான் வருகிறது. “அட, சின்னப் பெட்டிதானே” என்று சந்தோஷப்படுவதற்கு முன் அடுத்த எண்ணைப் பாருங்கள்: பேஸ் 91 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும்.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டினால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் ஒன்று தெரியும். 30 ஹெர்ட்ஸில் 12 இன்ச் மூடிய பெட்டி சுமார் 6 டெசிபல் குறைகிறது. 88-லிருந்து 82-க்கு வருகிறது. 2226-ஓ அந்த 42 லிட்டர் பெட்டியில் 19 டெசிபல் குறைந்து 97-லிருந்து 78-க்கு வருகிறது. ஒரே ஒரு வாட் கொடுத்தால், 30 ஹெர்ட்ஸில் சாதுவான 12 இன்ச் அந்தப் பிரம்மாண்டமான 15 இன்ச்சை முந்துகிறது. காந்தம் பெரிதாக இருப்பதாலேயே பேஸ் வந்துவிடாது. அந்தப் பலமான காந்தம் கோனை இறுக்கிப் பிடித்து, நடுப் பேஸுக்கு மேலே உள்ளதைத்தான் தூக்கிக் கொடுக்கிறது.

2226-ஐத் துளைப் பெட்டியில், 140 லிட்டர் கொடுத்து, துளைக் குழாயின் அளவால் 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தால் கதை வேறு. அப்போது 40 வரை அழகாக வரும், வாட்டுக்கு 97 டெசிபலும் கையில் இருக்கும். பத்து வாட் குழாய் ஆம்ப் (பழைய வால்வு வகை ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்கு இது வரம். 97-க்கும் 87-க்கும் நடுவே உள்ள பத்து டெசிபல் என்பது பத்து மடங்கு வாட். ஆனால் 140 லிட்டர் பெட்டி இரண்டு! பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அவை இரண்டு பீரோ மாதிரி நிற்கும்.

இந்த இழுபறிக்கு ஒரு பெயர் உண்டு. கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கடைசி எழுத்துக்குரியவர் ஹோஃப்மன். அவர் பெயரில் ஒரு விதியைச் சொல்வார்கள்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றும் தருகிறேன் என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்றால் அதை நம்ப வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கடையில், பின்பக்கம் “1000 வாட்” என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டிய 15 இன்ச் ஒரு ஜோடி வாங்கினேன். டேட்டா ஷீட் கிடையாது. கேட்டதற்கு, “எந்தப் பெட்டியில வேணா போடுங்க சார்” என்றார்கள். ஆசாரியிடம் 60 லிட்டர் பெட்டி செய்யச் சொல்லி, பொருத்தி, பாட்டைப் போட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரே சுரத்தில் “பூம் பூம்”. பேஸ் கிட்டார் எந்தச் சுரம் வாசித்தாலும் அதே “பூம்”. பின்னால் அளந்து பார்த்தபோது எஃப்எஸ் 60-ஐத் தாண்டியிருந்தது, கியூடிஎஸ் ஒன்றுக்குப் பக்கத்தில். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வராத, அங்கேயே புடைத்து நிற்கும் வூஃபர் அது. பெட்டியை எவ்வளவு மாற்றினாலும் சரியாகியிருக்காது. பெட்டிக்கான பிளைவுட்டும் கூலியும் சேர்ந்து போயிற்று.

டேட்டா ஷீட் இல்லையென்றால் அளந்துவிடுங்கள்

மேலே சொன்ன எஃப்எஸ், கியூடிஎஸ், விஏஎஸ் எல்லாம் ஆஸ்திரேலியர் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையிலிருந்தும், பிறகு சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதியவற்றிலிருந்தும் வந்தவை. அதற்கு முன்னால் பெட்டி கட்டுவது பெருமளவு கைப்பழக்கமாகவே இருந்தது. இன்று ஒரு லேப்டாப்பும் சவுண்ட் கார்டும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் வீட்டு மேசையில் இவற்றை அளந்துவிடலாம். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் போதும்.

நான் செய்யும் விதம் இது. வூஃபரை முதலில் ஓர் இரவு முழுக்கக் கீழ்ச் சுரத்தில் மெதுவாக ஆட விடுவேன். புது வூஃபரின் தொங்கல் இறுக்கமாக இருக்கும். தளர்ந்தபின் எஃப்எஸ் சில ஹெர்ட்ஸ் இறங்கும். பிறகு அளவு எடுப்பேன். அடுத்து, குழந்தைகள் விளையாடும் கிளேயைச் சமையலறைத் தராசில் 25 கிராம் நிறுத்து, கயிறு மாதிரி உருட்டி, கோனின் நடுவில் இருக்கும் தூசி மூடியைச் சுற்றி வட்டமாக ஒட்டி மறுபடி அளப்பேன். கனம் கூடியதால் எஃப்எஸ் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துக் கோனின் எடையையும் விஏஎஸ்ஸையும் மென்பொருளே சொல்லிவிடும். இரண்டு வூஃபரையும் அளக்க அரை மணி நேரம் ஆகும். ஜோடியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அப்போதே கடைக்குத் திரும்பக் கொண்டுபோகலாம்.

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ பெயர் தெரியாத வூஃபர் பிடித்துப்போனால், அளக்காமல் பெட்டிக்கு மரம் வாங்காதீர்கள்.

நம் வீட்டுச் சுவர்

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வூஃபர் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. கீழ்ச் சுரங்களுக்கு அந்தச் சுவரே அசைந்து கொடுக்கும், கொஞ்சம் பேஸ் வெளியே கசிந்துபோகும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அசையாது. பேஸ் உள்ளேயே முட்டி மோதித் திரும்பும்.

தம்பியின் ஹாலைக் கணக்குப் போட்டேன். 12 அடி நீளத்துக்கு அறையின் முதல் அதிர்வு, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டி வலுக்கும் முதல் சுரம், 47 ஹெர்ட்ஸ் பக்கம். 10 அடி அகலத்துக்கு 57. கூரையும் 10 அடி, அதற்கும் 57. அகலமும் உயரமும் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கின்றன! பேஸ் கிட்டார் அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் அறையே சேர்ந்து பாடும். இப்படிப்பட்ட அறையில், 40 ஹெர்ட்ஸ் வரை முழுப் பலத்தோடு வந்து அப்புறம் செங்குத்தாக விழும் துளைப் பெட்டியை வைத்தால், புடைத்த இடம் இன்னும் புடைக்கும். மூடிய பெட்டி ஸ்தாயிக்கு 12 டெசிபல் என்று மெதுவாகச் சரிகிறது. துளைப் பெட்டி 24 டெசிபல். முதல் அதிர்வுக்குக் கீழே சிறிய, இறுக்கமான அறை தானாகவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் சரிவும் அறையின் தூக்கலும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

அறையின் தூக்கல் எல்லா அறைக்கும் ஒரே மாதிரி இல்லை. கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்ட படுக்கையறையில் அது நன்றாகக் கிடைக்கும். வாசல் கதவும் சமையலறை வழியும் திறந்தே கிடக்கும் ஹாலில் குறைந்துவிடும். தம்பியின் ஹால் இரண்டுக்கும் நடுவில், மாலையில் திறந்தும் இரவில் சாத்தியும். அதனால்தான் மிகச் சிறிய மூடிய பெட்டியும் வேண்டாம், 70 லிட்டருக்குப் பக்கத்தில் வை என்றேன்.

12 இன்ச்சை மூடிய பெட்டியில் வைப்பது புது யோசனையும் இல்லை. எட்கர் வில்சர் 1954-ல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரை இப்படித்தான் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவு பெட்டி வேண்டும் என்று இருந்த நிலையை, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி அவர் மாற்றிக் காட்டினார். தொங்கலைத் தளர்வாக விட்டுவிட்டு, கோனைத் திரும்ப இழுக்கும் வேலையைக் காற்றிடம் கொடுத்தார். ரப்பரையும் துணியையும் விடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். எழுபது வருடத்துக்குப் பிறகும் இந்த யோசனைக்கு வயதாகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

துளைப் பெட்டி போடுவதென்றால்

துளைப் பெட்டியை நான் ஒதுக்கவில்லை. பெரிய அறை, இடம் தாராளம், சத்தமாகக் கேட்கும் பழக்கம் என்றால் அதுதான் சரி. சுருதி சேர்த்த இடத்தில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், துளைதான் பாடும். ஆனால் அந்தச் சுருதிக்குக் கீழே கோனைத் தடுக்க ஆளில்லை. பழைய எல்பி தட்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் பிளேயரிலிருந்து வரும் மிகக் கீழான அசைவு கோனை உள்ளும் வெளியும் தள்ளாட வைக்கும். ஆம்ப்புக்கு முன்னால் கீழ்ச் சுரங்களை வெட்டும் ஃபில்டர் வைத்தாக வேண்டும்.

துளையின் அளவிலும் கவனம் வேண்டும். 100 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்க 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் என்றால் 19 சென்டிமீட்டர் நீளம் வரும். ஒரு 12 இன்ச் வேகமாக வேலை செய்யும்போது அந்த ஒரு குழாயில் காற்று இரையும். இரண்டு குழாய் வைத்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் நீளமாகிவிடும். ஹார்டுவேர் கடையில் கழிவுநீருக்கு விற்கும் நாலு இன்ச் பிவிசி குழாயும் ஒரு எல்போவும் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஒரு வூஃபர் மூடிய பெட்டிக்கா துளைக்கா என்று சட்டென்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. எஃப்எஸ்ஸைக் கியூஇஎஸ்ஸால் வகுங்கள். கியூஇஎஸ் என்பது கியூடிஎஸ்ஸில் காந்தமும் காயிலும் சேர்ந்த பங்கு, டேட்டா ஷீட்டில் இருக்கும். 50 பக்கம் வந்தால் மூடிய பெட்டி, 100 பக்கமோ மேலேயோ வந்தால் துளை. 2226-க்கு 121 வருகிறது.

மற்ற மூன்று

இரண்டு 10 இன்ச் என்பது 12 இன்ச்சுக்கு உண்மையான போட்டி. பரப்பு 700 சதுர சென்டிமீட்டர், ஒரு 12 இன்ச்சை விட அதிகம். பெட்டியின் முகம் ஒல்லியாக இருக்கும். ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் எதிரெதிராகப் பொருத்தினால் இரண்டின் உதையும் ஒன்றையொன்று ரத்து செய்து பெட்டி ஆடாமல் நிற்கும். மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு ஜோடிக்குக் காசு அதிகம். பூஜை அலமாரியின் பக்கம் வூஃபர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கும் என்பதால் தம்பிக்கு ஒத்துவரவில்லை. ஒல்லியான பெட்டி கட்டாயம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கார் சப்வூஃபர் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, 30 லிட்டர் பெட்டியில் அடங்கும். காரணம் கனமான கோனும் இறுக்கமான தொங்கலும். அதற்கு விலையாக வாட்டுக்கு 85 டெசிபல் பக்கம்தான் கொடுக்கும். வாட் நிறைய வேண்டும். இன்னொன்று, அதன் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது மேல் சுரங்களைத் தடுக்கும் குணம், பெரும்பாலும் அதிகம். 100 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி மந்தமாகும். தனி ஆம்ப் வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஓட்டும் சப்வூஃபர் பெட்டிக்கு நல்லது. கீழ், நடு, மேல் சுரங்களைத் தனித்தனியாகப் பாட வைக்கும் மூன்று வழி ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸ் வரை பாட வேண்டிய வூஃபராக அதை வைக்காதீர்கள்.

திறந்த பலகை அழகான ஒலி. பெட்டியின் அடைப்பே இல்லை, ஆண்குரலில் அந்த மார்புக்கூடு முழக்கம் வராது. 2018-ல் காலமான ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் ஓரியன் என்ற வடிவமைப்பில் பக்கத்துக்கு இரண்டு 10 இன்ச் வைத்து இதைச் செய்து காட்டினார். ஆனால் முன்னால் போகும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி ரத்து செய்வதால், ஒரு ஸ்தாயி இறங்க நான்கு மடங்கு அல்ல, எட்டு மடங்கு காற்று தேவை. கியூடிஎஸ் அதிகமுள்ள வூஃபர்கள் இதற்கு ஏற்றவை. எமினன்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 15ஏ என்ற 15 இன்ச்சின் கியூடிஎஸ் 1.2-க்கு மேல், அதனால்தான் பலகைக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். பின்சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்க வேண்டும். பத்தடி ஹாலில் அது நடக்காது.

எதைப் பார்த்து வாங்குவது

தம்பிக்கு 12 இன்ச் என்று முடிவானதும் அவனுக்குக் கொடுத்த எல்லைகள் இவை. எஃப்எஸ் 20-லிருந்து 28 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.38-லிருந்து 0.5, எக்ஸ்மேக்ஸ் குறைந்தது 7 மில்லிமீட்டர், வாட்டுக்கு 87 டெசிபலுக்குக் குறையாமல். வாட் எண்ணை அவன் பார்க்கவே வேண்டாம். இந்த அளவில் எந்த நல்ல 12 இன்ச்சும் வீட்டுக்குத் தேவையான வாட்டைத் தாங்கும். டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக், இந்தோனேசியாவின் எஸ்பி அக்கவுஸ்டிக்ஸ், அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ ஆகியோரின் டேட்டா ஷீட்களை எடுத்துவைத்துக்கொண்டு மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இறக்குமதி வரியும் பத்துக் கிலோ பார்சலின் கூரியர் செலவும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

தொங்கல் எதில் செய்தது என்று கட்டாயம் பாருங்கள். ஃபோம் தொங்கல் வேண்டவே வேண்டாம். ஈரக்காற்றில் அந்த ஃபோம் சில வருடங்களில் பிசுபிசுத்து, விரல் பட்டாலே தூளாகிவிடும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். ரப்பர், அல்லது மேடை வூஃபர்களில் வரும் பசை தடவிய மடிப்புத் துணி, இரண்டும் பல காலம் உழைக்கும். பெட்டிக்கும் இதே காரணத்தால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம் என்றேன். மழைக்காலத்தில் ஓரங்கள் உப்பும். 18 மில்லிமீட்டர் 710 தர மெரைன் பிளைவுட் விலை கூடுதல்தான், ஆனால் அதோடு போயிற்று.

பிளைவுட் கணக்கில்தான் 12 இன்ச்சின் பக்கம் முழுதாகச் சாய்ந்தான். உள்ளளவு 34க்கு 34க்கு 62 சென்டிமீட்டர் என்றால் 71 லிட்டர் வருகிறது. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றில் இரண்டு பெட்டிக்கும் வேண்டிய எட்டுப் பக்கமும், மேல் மூடி அடி மூடி நான்கும் சரியாக வந்துவிடுகின்றன. காகிதத்தில் வரைந்து அனுப்பினான்: ஒன்பது நீளத் துண்டு, ஓரத்தில் மூன்று சதுரம், மிச்சமான ஒரு நீளத் துண்டிலிருந்து நாலாவது சதுரம். உள்ளே குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் தனியாக ரீப்பர் வாங்க வேண்டும். சட்டமும் வூஃபரும் நாலைந்து லிட்டரை எடுத்துக்கொள்ளும். உள்ளே தலையணைக்கு விற்கும் ரெக்ரான் பஞ்சை இறுக்காமல் நிரப்பினால் அந்த இழப்பு திரும்பி வரும், ஏனென்றால் பஞ்சுக்குள் காற்று கொஞ்சம் பெரிய பெட்டியில் இருப்பது போல நடந்துகொள்ளும். இலவம்பஞ்சும் வேலை செய்யும், ஆனால் பூச்சி வரும். 140 லிட்டர் ஜோடிக்கு இரண்டு ஷீட் பிடித்திருக்கும்.

ஒரு விஷயத்தில் அவனும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை. 300 ஹெர்ட்ஸில் வூஃபரையும் நடு ஸ்பீக்கரையும் பிரிக்கப் ஆம்ப்புக்குப் பின்னால் காயில் வைத்துப் பிரிக்கும் பாசிவ் கிராஸ்ஓவர் போட்டால், 8 ஓம் வூஃபருக்கு 8.5 மில்லிஹென்ரி காயில் வேண்டும். அது ஒரு தேங்காய் அளவு செம்பு. அந்தக் காயிலின் அரை ஓம் தடையே கியூடிஎஸ்ஸைக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஏற்றிவிடும், 0.42 என்று நினைத்துக் கட்டிய பெட்டியில் 0.45 உட்காரும். தனி ஆம்ப்பும், ஆம்ப்புக்கு முன்னாலேயே பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவரும் போடு என்பது என் கட்சி. “ரெண்டு ஆம்ப்புக்கு அம்மா சம்மதிக்க மாட்டாங்கண்ணே” என்பது அவன் கட்சி.

வூஃபர் இன்னும் வந்து சேரவில்லை. ஷீட் வந்துவிட்டது, ஆசாரி அறுத்துத் தரத் தயார். பக்கங்களை அறுக்கட்டும், முன்பலகையின் வட்டத்தை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். 12 இன்ச் என்று பெயர் இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சட்டமும் சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். வூஃபர் கையில் வந்து, ஓர் இரவு ஆடி, கிளே ஒட்டி அளந்து முடித்தபிறகுதான் அந்த வட்டம்.